கொல்லன் மகன் மைக்கேல் பாரடே

மாலையில் விளக்கேற்றி நூலைத் திறக்கும் மாணவர், அவ்விளக்கு எரிவதற்குக் காரணர் யாவர் என்று எண்ணுவது அரிது. மின்னாற்றலை மக்கள் பணிக்கு வரச்செய்த அறிஞருள் தலைசிறந்தவர் மைக்கேல் பாரடே. கல்லூரி வாயிலை மாணவராய் மிதித்தறியாத அவருடைய வரலாறு, கல்லூரியில் பயிலும் நாம் அனைவரும் அறிந்து பயன்கொள்ளற்பாலது.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், லண்டன் மாநகரையடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் கொல்லுத் தொழில் செய்பவர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். 1801-ஆம் ஆண்டில் தானியம் விலையேறியபோது, வாரத்திற்கு ஒரு ரொட்டியே மைக்கேலின் பங்காயிற்று. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பள்ளியிற் பெற்ற செல்வம். எனினும் பெற்றோர், சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சார்ந்து, பக்தியும் எளிமையும் உடையவராய் மக்களை வளர்த்தனர்.

பதின்மூன்றாம் வயதில் மைக்கேல், ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாய் அமர்ந்தார். மறு ஆண்டில் புத்தகங்களைக் கட்டடஞ் செய்யும் தொழிலைப் பயிலத் தொடங்கினார். ஏழாண்டுப் பயிற்சியில், கைக்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது அவற்றைக் கற்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. படித்தவற்றை நம்பி விடாமல், தம் சிறு வருவாய்க்கேற்ற கருவிகளைச் செய்து சோதித்துப் பார்த்தார். அக்காலத்தில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நிகழ்த்திய விஞ்ஞானப் பிரசங்கங்களைக் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம் வேண்டியிருந்தது. கொல்லுத் தொழிலில் உழைத்த தமையன் இராபர்ட்டு அதனை அளித்து உதவினார்.

1799-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆராய்ச்சி நிலையம் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்தது. அங்கே ஹம்பிரி டேவி, 1807-ஆம் ஆண்டில் பொட்டாசியம், சோடியம் என்னும் உலோகங்களை மின்சாரத்தால் பிரித்தெடுத்திருந்தார். ரீபோவின் கடைக்கு வந்த டான்ஸ் என்பவர், 1812-இல் டேவியின் நான்கு பிரசங்கங்களுக்கு மைக்கேலுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். மைக்கேல் கேட்டவற்றைப் படங்களோடு எழுதி, தம் கையாலேயே கட்டடஞ் செய்து, அந்நூலை டேவிக்கு அனுப்பி வேலை வேண்டினார். முதலில் டேவி, கைத்தொழிலை விடாதிருத்தலே நலமென்று அறிவுறுத்தினார். ஆயினும் சிறிது காலத்தில் உதவியாளர் ஒருவர் நீக்கப்படவே, 1813-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவ்விடத்தில் மைக்கேல் அமர்ந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். உறைவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். குப்பி கழுவுதலும் கருவி எடுத்து வைத்தலுமே முதற்பணி. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வாராய்ச்சி நிலையமே அவருக்கு இல்லமும் ஆயிற்று.

1821-ஆம் ஆண்டில் சாரா பார்னார்டு என்னும் மாதரசியை மணந்தார். அவ்வாண்டிலேயே, மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலுமாறு செய்து காட்டினார். இன்றைய மின் மோட்டாருக்கு இதுவே முன்னோடி. ஆனால் புகழோடு பழியும் வந்தது. வுல்லாஸ்டன் என்னும் அறிஞரின் கருத்தைக் கவர்ந்து வெளியிட்டார் எனச் சிலர் தூற்றினர். அவர் ஊரில் இல்லாத வேளையில் கலந்து கொள்ளாமல் அச்சிட்டதே பாரடே செய்த பிழை. அவரை நேரிற் கண்டு உண்மையை எடுத்துரைத்தார். பின்னர் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். 1824-இல் ஒரே ஒரு எதிர்வாக்கோடு பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மைக் கைதூக்கி விட்ட ஆசிரியர் தம்மைத் தடுத்ததை எண்ணி அவர் மனம் எத்துணை நொந்திருத்தல் வேண்டும்! ஆயினும் டேவியினிடம் அவர் கொண்ட நன்றியுணர்ச்சி இறுதிவரை குன்றவில்லை.

மின்சாரம் காந்தத்தைத் தோற்றுவிக்குமாயின், காந்தம் மின்சாரத்தைத் தோற்றுவிக்காதோ என்னும் வினா பாரடேயைப் பத்தாண்டு தொடர்ந்தது. பன்முறை முயன்றும் விடை கிட்டவில்லை. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், தேனிரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச்சுருள் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு பொருத்தினார். மற்றதன் அருகில் வைத்த காந்த ஊசி சட்டென அசைந்து உடனே அடங்கிற்று. மின்கலத்தினின்று விலக்கினார், மீண்டும் அசைந்தது. மின்சாரம் மாறாது ஓடிய வேளையில் ஊசி அசையவே இல்லை. மாறுதல் நிகழும்போது மட்டுமே மின்சாரம் பிறக்கின்றது என்னும் பேருண்மை புலனாயிற்று. அக்டோபர்த் திங்களில் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியும், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றியும் மின்சாரத்தை உண்டாக்கினார். நீராலும் நீராவியாலும் பெரும் பொறிகளைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் யாவும் இத்தத்துவத்தின் வழிவந்தனவே.

அவர் பிற கண்டுபிடிப்புக்களும் பல. 1823-இல் குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். 1825-இல் பென்சீனைக் கண்டார். பின்னர் மின்பகுப்பு விதிகளை வகுத்தார். 1845-இல் காந்தம் ஒளியின்மேல் செயற்படுவதை நிறுவினார். சோதனைக் குறிப்பேட்டில் அவர் எண்ணிட்டு எழுதிய பத்திகள் 16,000-க்கு மேற்பட்டவை. வெற்றியேபோல் தோல்வியையும் அவற்றில் பதிவு செய்துள்ளார். கணிதப் பயிற்சியில்லாத அவர் மனக்கண்ணாற் கண்ட காந்த விசைக் கோடுகளை, மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் பின்னர்க் கணித வடிவில் அமைத்தார்.

தாம் ஒரு சீட்டினால் உள்ளே நுழைந்த மண்டபத்தைப் பிறருக்கும் திறந்துவிட அவர் விரும்பினார். வெள்ளிக்கிழமை மாலைப் பிரசங்கங்களையும், சிறுவர்க்குரிய கிறிஸ்துமஸ் பிரசங்கங்களையும் அவர் வளர்த்தார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் கையிற்கொண்டு இரசாயன சாஸ்திரத்தையே சிறுவர்க்கு விளங்க வைத்த அவர் திறம் இன்றும் போற்றப்படுகின்றது.

பொருளீட்டும் வழிகள் அவர்முன் திறந்து கிடந்தன. தொழிற்சாலைகளுக்கு ஆய்வு செய்து பெற்ற பெருவருவாயை ஆராய்ச்சியின் பொருட்டுத் துறந்தார். ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்தார். ஆனால் தம் சிறு சபையில் மூப்பராய் ஊழியஞ் செய்து, ஏழைகளையும் நோயாளிகளையும் கண்டு தேற்றுவதைப் பெரும்பேறாக எண்ணினார். 1844-இல் அச்சபை அவரைச் சில வாரங்கள் விலக்கி வைத்தது; மூப்பர் பதவியும் போயிற்று. உலகம் போற்றிய அவ்வறிஞர் சபையின் தீர்ப்புக்குப் பணிந்து, மீண்டும் சேர்க்கப்பெற்று, சாதாரண அங்கத்தினராய் வழிபட்டு வந்தார். 1860-இல் சபையார் அவரை மறுபடியும் மூப்பராக்கினர். வேதத்தின் உண்மையை நிறுவுவதற்கு அவர் ஆராய்ச்சிச்சாலையைத் துணைக்கழைக்கவில்லை; சோதனையின் முடிவை வேதத்திலும் தேடவில்லை. ஆயினும் இயற்கை முழுவதும் ஒரே தேவனுடைய கைவேலை என்னும் விசுவாசம், அதன் ஆற்றல்கள் ஒன்றோடொன்று இணைந்தவை என்று அவர் தேடியதற்கு உள்ளூக்கம் தந்தது என்பர் ஆராய்ந்தோர்.

முதுமையில் நினைவாற்றல் தளர்ந்தது. விக்டோரியா அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு இல்லத்தில், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், பெயரும் பிறப்பிறப்பு நாட்களும் மட்டும் பொறித்த எளிய கல்லின்கீழ் அவர் உடல் அடக்கம் பெற்றது.

அன்பர்களே! பாரடேயின் அறிவாற்றல் நமக்கு வாய்க்காது போகலாம். ஆனால் தமையன் உழைத்தளித்த ஷில்லிங்கு நம்மிற் பலருக்கும் ஏதோ ஒரு வடிவில் கிட்டியிருக்கின்றது. வயலிலோ, ஆலையிலோ, அடுப்படியிலோ நம்பொருட்டு உழைப்பவர் உளர். அவர்கள் ஈந்த கல்வியை நாம் யாருக்குத் திறந்துவிடப் போகின்றோம்? இவ்வினாவிற்கு ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையால் விடை கூறுவோமாக.