சிரிப்பிலே சீர்திருத்தம் கண்ட கலைவாணர்

நள்ளிரவு கடந்து கூத்துக்களரியிலே இராசாவும் மந்திரியும் ஆடிக்கொண்டிருக்கும்போது பாயிலே உறங்கிவிடும் சிறுவர்கள், கோமாளி வந்துவிட்டான் என்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்காருவதைச் சித்தாண்டியிலே பிறந்த நாம் அனைவரும் அறிவோம். சிரிப்புக்கு அத்தகைய ஆற்றல் உண்டு. ஆனால் பொழுது விடிந்ததும் அச்சிரிப்பும் மறைந்துவிடுகின்றது. விடிந்த பின்னும் மறையாது, கேட்டவர் நெஞ்சிலே தங்கி அவரைச் சிந்திக்க வைத்த சிரிப்பை வழங்கியவர் ஒருவர் தமிழ்நாட்டிலே வாழ்ந்தார். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அன்னாரின் வாழ்வு, மேடையேற விரும்பும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதொன்றாகும்.

அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், ஒழுகினசேரி என்னும் பகுதியிலே, 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப்பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளுடனேயே நின்றுவிட்டது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு பின்னும் வேலை செய்தார். நாடகக் கொட்டகையிலே தின்பண்டமும் விற்றார். உள்ளே நடந்த நாடகமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. ஊர்க் கோயில்களில் நடக்கும் வில்லுப்பாட்டும் அவரைக் கவர்ந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்து நடிப்பும் பாட்டும் பயின்றார்.

1936ஆம் ஆண்டு வெளிவந்த 'சதி லீலாவதி' அவருடைய முதற்படங்களில் ஒன்று. அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அறியாத மொழியிலே நல்ல படங்கள் எடுத்த அவருடைய முயற்சி வியத்தற்குரியது. குடியினாற் கெட்ட ஒருவன் ஊரை விட்டோடி நமது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே கூலியாக உழைப்பதாக அமைந்தது அக்கதை. கண்டியிலே பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் அதே படத்தில்தான்.

அதே ஆண்டில் வெளிவந்த 'வசந்தசேனா' படத்தின் காலத்திலே டி. ஏ. மதுரம் அவர்களுடன் பழக்கம் ஏற்பட்டது. கிருஷ்ணன் முன்னரே நாகம்மை என்பவரை மணந்தவராயினும் மதுரத்தையும் மணந்து கொண்டார். இருவரும் இணைந்து நடித்த நகைச்சுவைக் காட்சிகள் மக்களை ஈர்த்தன. கதாநாயகன் யார் என்பதற்கு அடுத்தபடியாக, கிருஷ்ணனும் மதுரமும் இருக்கிறார்களா என்று கேட்டே மக்கள் படம் பார்க்கச் சென்ற காலம் அது. 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்' முதலியன அக்காலத்துப் படங்கள்.

புகழின் உச்சியில் நின்றவரைப் பெருந்துன்பம் ஒன்று பற்றிக் கொண்டது. திரைத்துறையினரின் அந்தரங்கங்களை அச்சிட்டுப் பிழைத்த பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன், 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையிலே கத்தியாற் குத்தப்பட்டு மாண்டார். அக்கொலை தொடர்பாகக் கிருஷ்ணனும், அந்நாளைய முதன்மை நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டு இருவருக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்திற் செய்த முறையீடும் பயனளிக்கவில்லை. வழக்கு இலண்டன் மாநகரத்துப் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. மீண்டும் விசாரிக்கும்படி அங்கிருந்து கட்டளை பிறந்தது. 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலை பெற்றனர்.

அந்த நாட்களிலே மதுரம் அம்மையார் தளர்ந்து வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமம் முதலிய நண்பர்களின் துணையோடு நாடக சபையை நடத்தினார். 'பைத்தியக்காரன்' படத்தையும் எடுக்கத் தொடங்கினார். விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அப்படத்தில் தோன்றினார். துன்பத்திலே துணை நிற்பதே இல்லறத்தின் பெருமை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சிறை சென்று மீண்டவர்கள் உலகை வெறுப்பது இயல்பு. கிருஷ்ணனோ முன்னிலும் கனிந்த உள்ளத்தோடு வெளிவந்தார். 1947இல் அவருக்குக் 'கலைவாணர்' என்னும் பட்டம் சூட்டப்பட்டது. காந்தியடிகளிடம் பேரன்பு கொண்ட அவர், அடிகள் மறைந்தபின் நாகர்கோவிலிலே தமது சொந்தச் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். காந்தியின் சரித்திரத்தை வில்லுப்பாட்டாகவும் பாடினார். கிராமத்துக் கோயிலிற் பிறந்த கலை நாட்டுப்பணிக்கு வந்து நின்றது.

1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' அவர் புகழை மேலும் உயர்த்தியது. அறிஞர் அண்ணாதுரை திரைக்கெழுதிய அக்கதை, 'மிஸ்டர் டீட்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. எதிர்பாராமற் பெருஞ்சொத்துக்கு உரியவனாகும் நாட்டுப்புற மனிதன் அதனைப் பிறர்க்கு ஈந்து மகிழ்வதும், குடியின் கேட்டை எடுத்துரைப்பதும் அதன் சாரம். அப்படத்திலேதான் 'கிந்தனார்' காலட்சேபம் இடம்பெற்றது.

அதனைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். நந்தனார் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் மல்கியவர்கள் நம் பெரியோர். அச்சரித்திரத்தைப் போலவே அமைத்து, அதனிடத்தே சிரிப்பைப் புகுத்தியமை சிலர்க்கு மனவருத்தம் தரலாம். ஆயின் ஊன்றி நோக்குவோம். நந்தனார்க்கு அடைக்கப்பட்டிருந்தது ஆலயத்தின் வாசல். கிந்தனார்க்கு அடைக்கப்பட்டிருந்தது கல்வியின் வாசல். சாதியின் பேரால் இழிவுபட்ட சிறுவன் நகரஞ் சென்று கற்று, கல்வி அதிகாரியாகி ஊர் திரும்புகிறான். கலைவாணர் நகைத்தது பக்தியை அன்று. பக்தியைப் பேசிக்கொண்டே வாசலை அடைத்து வைத்த மனிதரையே நகைத்தார். நந்தனாரை மெய்யாகவே வணங்குபவர், அவர் வழிவந்த பிள்ளை பள்ளிக்கூடத்திலே பின்வாங்கில் தனித்திருக்கக் காணச் சகிப்பாரா? பெரியோர்கள் இக்கேள்வியைத் தவறாகக் கொள்ளாரென நம்புகிறேன்.

பின்னர் 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். தேடிய பொருளோ அவரிடம் நிலைக்கவில்லை, கேட்டவர்க்கெல்லாம் ஈந்தார். பெரும்பொருள் ஈட்டியவர், இறுதிக் காலத்திலே பணமுடையால் இடர்ப்பட்டார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதிலேயே, சென்னையிற் காலமானார். அவருக்குச் சென்னையிலே சிலை எழுந்தது. 1969ஆம் ஆண்டு பொங்கலன்று, நோயுற்றிருந்த நிலையிலும், அதனைத் திறந்து வைத்தவர் அப்போது முதலமைச்சராயிருந்த அண்ணாதுரை. கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞர்களே, இவ்வரலாற்றில் இருவகைச் சொல் வருதலைக் கண்டீர்கள். ஒன்று பிறர் குறையை விற்றுப் பொருள் தேடிய சொல். மற்றது சமூகத்தின் குறையைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டி மருந்திட்ட சொல். நாம் ஆண்டுதோறும் மேடையேற்றும் நகைச்சுவை நாடகங்களிலே திக்குவாயனையும், கூனனையும், படிப்பறியாத ஏழையையும் கேலி செய்து கைதட்டல் வாங்குகிறோம். முன்வரிசையிலே அத்தகைய ஒருவர் இருப்பாராயின் அவர் எவ்வாறு சிரிப்பார்? யாரைக் குறித்து நகைக்கிறோமோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதனைச் சொல்லத் துணிவோமா? அடுத்த நாடகத்தை எழுதுமுன் இதனை எண்ணிப் பார்ப்போமாக. அடைபட்ட வாசல் ஒன்றையேனும் நம் சிரிப்புத் திறந்து வைக்குமாயின், அதுவே கலைவாணர்க்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.