கக்கன் ஏறிய பேருந்து

மங்கலம்பேட்டையில் உளுந்தூர்பேட்டை பேருந்துக்காகக் காத்திருப்போரிடையே சட்டப்பேரவை உறுப்பினர்களின் ஊதியம், பயணப்படி பற்றிப் பேச்சு எழுந்தால், யாரேனும் ஒருவர் கக்கனின் பெயரைச் சொல்லிவிடுவார். அமைச்சராக இருந்தவர் பின்னாளில் அரசுப் பேருந்தில் சென்றார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த நிலை எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர் கக்கன். பட்டியலினக் குடும்பம், தந்தை ஊர்க்கோயில் பூசாரி. பின்னால் நின்று தாங்கப் பண்ணையோ வணிகமோ இல்லை. 1939-இல் வைத்தியநாத ஐயருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிலருள் அவரும் ஒருவர். விடுதலைப் போரில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் மக்களவையிலும் இருந்தார். 1957-இலிருந்து பத்தாண்டுகள் மாநில அமைச்சர். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என அவர் கையெழுத்தில் நகர்ந்த கோப்புகளின் மதிப்பு சிறிதன்று.

1967 தேர்தலில் தோற்றார். ஊதியம், வாகனம், அரசு இல்லம் எல்லாம் ஒருசேர நின்றன. அன்று அவரைத் தாங்க முன்னாள் உறுப்பினர் என்ற வகையில் ஓய்வூதியம் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கேகூட அது 1976-இல்தான் வந்தது.

இந்த வறுமையைத் துறவு என்று போற்றுவது நமக்கு எளிது; செலவும் இல்லை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அது ஏற்பாட்டின் குறையாகவே படுகிறது. பிரிட்டனில் 1911-இல் உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுன் வழங்கத் தொடங்கியதே, சொத்தில்லாத தொழிலாளியும் மன்றத்தில் அமர வேண்டும் என்பதற்காகத்தான். உறுப்பினருக்கு ஊதியமே கூடாது என்றால் கக்கன்கள் வரமாட்டார்கள், பண்ணையார்கள் வருவார்கள்.

அதற்காக இன்றைய நிலையையும் அப்படியே ஏற்க இயலாது. 2017-இல் தமிழக உறுப்பினரின் மாத வருவாய் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாயிற்று. அதில் பெரும்பகுதி ஊதியமன்று. தொகுதிப்படி, வாகனப்படி முதலான படிகள். படி என்பது செய்த செலவுக்கு ஈடு. மாதந்தோறும் ஒரே தொகையாக வருமானால் அதுவும் ஊதியமே. அந்தப் பெயரிலேயே கொடுத்துவிடலாம். பயணத்துக்குத் தருவதைப் பயணச்சீட்டைப் பார்த்துத் தரலாம்.

கக்கன் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் கிடந்ததை முதல்வர் எம்.ஜி.ஆர். நேரில் கண்டார். எம்.ஜி.ஆர். அரசு அவருக்கு உதவித்தொகையும், மருத்துவ வசதியும், இலவசப் பேருந்துப் பயணமும் வழங்கியபோது அவருக்கு வயது எழுபதை எட்டியிருந்தது. 1981 டிசம்பர் 23-இல் காலமானார்.