ஒரே வருஷ மேயர்

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேராவது பூண்டி ஏரிக்கு ஒரு தடவை போயிருப்பீங்க. காக்களூர்ல இருந்து திருவள்ளூர் போய் ஒரு பஸ் பிடிச்சா போதும். அந்த ஏரியோட முழுப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். டெட்லைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க அந்த சத்தியமூர்த்தியைவிட நல்ல ஆள் நம்ம பக்கத்துல இல்லை.

1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்துல இருந்த திருமயத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிச்சு வக்கீலானார். கூடவே காங்கிரஸ், சட்டமன்றம், நாடக மேடை, சங்கீதம்னு எல்லாத்துலயும் இருந்தார். நம்ம பாஷையில சொன்னா எல்லா க்ளப்லயும் மெம்பர். இப்படிப்பட்ட ஆளுங்க ஒரு வேலையையும் முடிக்க மாட்டாங்கன்னு நமக்கு ஒரு எண்ணம் உண்டு. இவர் விஷயத்துல அது பொய்.

1939ல் சென்னை மேயரானார். அப்போ மேயர் பதவி ஒரே ஒரு வருஷம்தான். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரி. மாலை, வரவேற்பு, திறப்பு விழான்னு போனா பன்னிரண்டு மாசம் பறந்துடும். யாரும் குறை சொல்லவும் மாட்டாங்க. ஏன்னா அந்த வருஷம் தள்ளிப்போடக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. செப்டம்பர்ல உலகப்போர் ஆரம்பிச்சாச்சு. கொஞ்ச நாள்லயே ராஜாஜி தலைமையில் இருந்த காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு. மாகாணத்தை ஆண்டது ஆங்கிலேய கவர்னர். காங்கிரஸ்காரர் ஒருத்தர் அவர்கிட்ட போய் அணை கட்டணும்னு கேக்கறது எவ்வளவு சங்கடம்னு யோசிச்சுப் பாருங்க. போர் முடியட்டும், நம்ம ஆட்சி வரட்டும்னு ஃபைலை மூடி வெச்சிருக்கலாம்.

ஆனா தண்ணி அப்படிக் காத்திருக்காது. சென்னை அப்போ செங்குன்றம், சோழவரம் ஏரிகளை நம்பி இருந்தது. அதுக்கெல்லாம் கொசஸ்தலை ஆத்துத் தண்ணிதான் வரணும். மழைக்காலத்துல அந்த ஆறு பெருக்கெடுத்து எண்ணூர் பக்கம் கடல்ல கலந்துடும், கோடையில மணல்தான். மேலேயே ஒரு இடத்துல மறிச்சுத் தேக்கினாத்தான் வழி. அதுக்குப் பூண்டி.

பதவிக்காலம் முடியறதுக்குள்ள திட்டத்துக்கு அனுமதி வாங்கிட்டார். 1940 ஆகஸ்ட் 8ல் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். போர்க்காலத்துல இவ்வளவு வேகமா ஒரு அணைக்கு ஆர்டர் வந்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம். எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு லேத்துக்கு பெல்ட் மாத்தவே அதைவிட அதிக நாள் ஆச்சு.

அவர் அவசரப்பட்டதோட கணக்கு பின்னாடிதான் புரியுது. அடுத்தே தனிநபர் சத்தியாகிரகம், சிறை. அங்கிருந்து மகள் லட்சுமிக்கு எழுதின கடிதங்கள் பிறகு புத்தகமா வந்திருக்கு. 1942ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல மறுபடியும் கைது. நாக்பூர் பக்கத்துல அமராவதி சிறைக்குக் கொண்டுபோனாங்க. அந்தப் பயணத்துல முதுகெலும்புல பட்ட அடி கடைசி வரை சரியாகலை. 1943 மார்ச் 28ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயசு 55. அடிக்கல் நாட்டுறதை ரெண்டு வருஷம் தள்ளியிருந்தா, அதுக்குக் குரல் கொடுக்க ஆள் வெளியிலேயே இருந்திருக்க மாட்டார்.

அணை வேலை 1944ல் முடிஞ்சது. அவர் பெயர் அதுக்கு வந்ததுல அவரோட சிஷ்யர் காமராஜருக்குப் பங்கு உண்டு. சென்னையில் காங்கிரஸ் ஆபீசுக்கும் அதே பெயர்தான், சத்தியமூர்த்தி பவன். 1996ல் இருந்து கிருஷ்ணா தண்ணியும் ஆந்திராவில் இருந்து கால்வாய் வழியா பூண்டிக்குத்தான் வந்து சேருது. போறதா இருந்தா நவம்பர், டிசம்பர்ல போங்க. நல்ல மழை வருஷமா இருந்தா ஷட்டர் திறந்திருக்கும், கொசஸ்தலையில தண்ணி ஓடறதைப் பாக்கலாம்.