கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். நகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்றும், அவற்றுள் ஒன்று எள்ளல் என்றும் அவர் கூறினார். எள்ளி நகைத்தல் எவர்க்கும் எளிது. உடற்குறை உடையாரைக் கண்டும், ஏழையின் கந்தலைக் கண்டும், கல்லாதார் பேச்சைக் கேட்டும் நகைப்பார் உலகிற் பலர். எதனைக் கண்டு நகைத்தல் தகும், எதனைக் கண்டு நகைத்தல் தகாது என்று தெளிந்து, பிறரையும் அவ்வாறு நகைக்கச் செய்வதோ அரியதொரு கலை. அக்கலையில் தலைசிறந்து விளங்கித் தமிழ் மக்களால் கலைவாணர் என்று அழைக்கப்பெற்றவர் என். எஸ். கிருஷ்ணன்.

பிறப்பும் இளமையும்

நாஞ்சில் நாட்டின் தலைநகராகத் திகழ்வது நாகர்கோவில். அந்நகரை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஒரு பகுதியாக இருந்தது.

குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. ஆகவே, கிருஷ்ணனின் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. ஏடும் எழுத்தாணியும் பிடிக்க வேண்டிய வயதில் அவர் கூலிக்கு உழைக்கப் புகுந்தார். நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் சிறுவனாகவும் இருந்தார். விற்கப் போன இடமே அவருக்குக் கல்விக்கூடம் ஆயிற்று. மேடையில் நடப்பதைக் கண்ணாலும், அதனைக் கண்டு மக்கள் எப்பொழுது சிரிக்கின்றனர், எப்பொழுது சலிக்கின்றனர் என்பதைச் செவியாலும் அவர் கற்றார்.

அவர் கற்ற மற்றொரு கலை வில்லுப்பாட்டு. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் கோயிற் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இன்றியமையாத இடம் பெறும். மணிகள் கட்டிய பெரிய வில்லை வீசுகோலால் தட்டித் தலைவர் கதையைப் பாடுவார். குடமும் உடுக்கையும் தாளமும் உடன் முழங்கும். தலைவர் பாடுவதற்குப் பக்கத்தில் இருப்போர் ஆமாம் போடுவர். இடையிடையே வினாவும் எழுப்புவர். அவ்வினாவிலும் விடையிலும் நகைச்சுவை தானே முளைக்கும். கற்றாரும் கல்லாரும் ஒருங்கே அமர்ந்து கேட்கும் கலை அது. எல்லார்க்கும் விளங்கும் எளிய சொல்லில் ஆழ்ந்த கருத்தை வைக்கும் திறத்தைக் கிருஷ்ணன் இக்கலையிலிருந்தே பெற்றார் எனலாம்.

நாடக மேடை

1925-ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் நாடகக் குழுவைத் தொடங்கினர். அக்குழுவில் கிருஷ்ணன் சேர்ந்தார். அந்நாளைய நாடகக் குழுவில் நடிகன் ஒரே தொழிலைச் செய்துகொண்டிருக்க இயலாது. பாடவேண்டும், ஆடவேண்டும், வேடம் புனையவேண்டும், ஒருவர் நோயுற்றால் அவருடைய பகுதியையும் உடனே ஏற்று நடிக்கவேண்டும். இத்தகைய பயிற்சியில் கிருஷ்ணன் பல வேடங்களையும் தாங்கித் தேர்ந்தார். எனினும், நகைச்சுவையே அவருக்கு இயல்பாக வாய்த்தது.

அக்கால நாடகங்களில் பபூன் என்னும் கோமாளி கதையோடு தொடர்பில்லாமல் மேடைக்கு வந்து எதையேனும் பேசிச் சிரிப்பூட்டிச் செல்வது வழக்கம். அப்பேச்சு பல வேளைகளில் தரம் தாழ்ந்தும் இருக்கும். பெண்டிரும் சிறுவரும் தலைகவிழ நேரும் சிரிப்பைக் கிருஷ்ணன் விரும்பவில்லை. குடும்பத்தார் அனைவரும் உடனிருந்து கேட்கத்தக்க நகைச்சுவையே நகைச்சுவை என்பது அவர் கொண்ட கொள்கை.

திரையுலகம்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அதன்பின் ஐந்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த ‘சதி லீலாவதி’ என்னும் படத்தில் கிருஷ்ணன் நடித்தார். எஸ். எஸ். வாசன் எழுதிய கதையைத் தழுவிய அப்படம், குடிப்பழக்கம் ஒரு குடும்பத்தை எவ்வாறு சீரழிக்கும் என்பதைக் காட்டியது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். எம். ஜி. இராமச்சந்திரனும் அப்படத்திலேயே திரைக்கு அறிமுகம் ஆனார்.

அதே 1936-ஆம் ஆண்டில் ‘வசந்தசேனா’ என்னும் படத்தில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. ஏ. மதுரம் கிருஷ்ணனோடு நடிக்க வந்தார். திரையில் இணைந்த அவ்விருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் இருவரும் சேர்ந்து நடித்தனர். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘ஆரியமாலா’, ‘கண்ணகி’ முதலிய படங்கள் அவர்தம் நகைச்சுவையால் மேலும் சிறப்புற்றன.

கிருஷ்ணன் தமக்குக் கொடுக்கப்பட்ட வசனத்தை ஒப்பித்துச் செல்லும் நடிகர் அல்லர். நகைச்சுவைப் பகுதிக்கு வேண்டிய கதையைத் தாமே அமைப்பார். அதற்குரிய நடிகர் குழுவையும் தாமே உடன்கொண்டிருந்தார். உடுமலை நாராயண கவி போன்ற புலவர்கள் அப்பகுதிக்குப் பாடல் இயற்றினர். இவ்வாறு ஆக்கிய கிளைக்கதை பெரிய கதையினூடே சேர்க்கப்படும். இதனால் விளைந்த பயன் ஒன்று உண்டு. பெரிய கதை பழைய புராணமாகவோ அரசர் வரலாறாகவோ இருக்கும்; கிளைக்கதையோ அன்றாட வாழ்க்கையைப் பேசும். அரசனும் அரசியும் பாடிச் சென்ற பின்னர், ஏழைக் கணவனும் மனைவியும் வந்து, மூடப்பழக்கத்தையும் போலி வேடத்தையும் பற்றிப் பேசுவர். கொட்டகையில் இருந்தோர் முதலில் சிரித்தனர். பின்னர்த் தாம் சிரித்தது தம்மைக் கண்டே என உணர்ந்தனர்.

இங்கிலாந்து நாட்டில் வறிய குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கா சென்று உலகப் புகழ் பெற்ற சார்லி சாப்ளினோடு இவரை ஒப்பிடுதல் உண்டு. எந்திரத்தின் நடுவே அகப்பட்டு அல்லலுறும் தொழிலாளியைக் காட்டும் சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ வெளிவந்ததும் 1936-ஆம் ஆண்டே. சாப்ளின் பெரிதும் வாய் பேசாமல் நடித்துக் காட்டினார். கிருஷ்ணனோ தமிழ்ச் சொல்லையும் பாட்டையும் கருவியாகக் கொண்டார். இருவரும் எளியவன் பக்கம் நின்றே நகைத்தனர் என்பது அவர்களிடையே காணும் ஒற்றுமை.

சோதனைக் காலம்

புகழின் உச்சியில் இருந்தபோது கிருஷ்ணனுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. திரைப்படக் கலைஞரைப் பற்றி இழிவாக எழுதிவந்த இலட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் குத்துண்டு இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டிக் கிருஷ்ணனையும், இசையால் புகழ்பெற்ற நடிகர் எம். கே. தியாகராச பாகவதரையும் காவல்துறையினர் கைது செய்தனர். 1945-ஆம் ஆண்டில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக்குள் அடைபட்டார். நேற்றுவரை அவரைக் கண்டு மகிழ்ந்து சிரித்த உலகம், இன்று அவரைப் பார்த்து எள்ளி நகைக்கத் தலைப்பட்டது. ஈட்டிய பொருள் வழக்கிற் கரைந்தது. இந்நிலையில் மதுரம் அம்மையார் மனந்தளரவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவர் பெயரால் நாடகக் குழு ஒன்றை நடத்தினார். தம்மை நம்பி வாழ்ந்த கலைஞர்க்குப் பிழைப்பும், வழக்கிற்குப் பொருளும் தேடினார். உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடு முதலில் பயன் தரவில்லை. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. அக்கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயுமாறு உயர்நீதிமன்றத்திற்கே அனுப்பியது. மறு விசாரணையில் 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிருஷ்ணன் சிறையிற் கழித்திருந்தார்.

இத்தகைய துன்பத்திற்கு ஆளானோர் உள்ளத்தில் கசப்பு நிறைதல் இயல்பு. கிருஷ்ணனோ அக்கசப்பைத் தம் கலையில் கலக்கவில்லை. அவர் சிறையில் இருந்தபோது அம்மையாரின் குழுவினர் நடித்த ‘பைத்தியக்காரன்’ என்னும் நாடகம், 1947-ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது. விடுதலையான கிருஷ்ணனும் அதில் தோன்றினார். சிறை சென்று மீண்டவரைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு ஒன்றையும் பாடினார். பிறர் தம்மைக் கண்டு நகைப்பதற்கு முன்னரே தம்மைக் கண்டு தாமே நகைக்க வல்லவரை எந்த இகழ்ச்சியும் தீண்டுவதில்லை. நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கியதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

கருத்து வளம்

விடுதலைக்குப் பின் கலைவாணரின் கலை மேலும் ஆழ்ந்தது. 1949-ஆம் ஆண்டில் ‘நல்லதம்பி’ என்னும் படத்தில் அவரே கதைத்தலைவராக நடித்தார். அறிஞர் அண்ணாதுரை அதற்குக் கதை வசனம் எழுதினார். எதிர்பாராமல் பெருஞ்செல்வத்திற்கு உரியவனாகும் எளிய மனிதன் ஒருவன், அச்செல்வத்தை ஊரார் நலத்திற்குச் செலவிட முயல்வதே அதன் கதை. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1948-ஆம் ஆண்டில். அச்சட்டத்தின் நோக்கத்தை மக்கள் மனத்தில் பதிய வைப்பதற்கும் அப்படம் துணை நின்றது.

அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் கலைவாணரின் படைப்புகளுள் முதன்மையானது. தில்லைக்குச் செல்ல ஏங்கிய நந்தனாரின் கதையை நாடறியும். அக்கதை சொல்லும் முறையிலேயே கிந்தனாரின் கதை அமைந்தது. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த கிந்தன் கோயிலுக்கு ஏங்கவில்லை, பள்ளிக்கூடத்திற்கு ஏங்கினான். ஊரில் படிக்க இடமின்றிப் புகைவண்டி ஏறிச் சென்னை சென்றான், கற்றான், கல்வி அதிகாரியாகத் திரும்பினான். கேட்டோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். ஆனால், அவர்கள் நகைத்தது கிந்தனைக் கண்டு அன்று. அவனைத் தடுத்த சாதிச் செருக்கைக் கண்டே. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தவர் இக்கதையைத் தாமே பாடி நடித்தார் என்பதை நினைக்கும்போது, அச்சிரிப்பின் அடியில் ஓர் ஏக்கமும் இருந்தது புலனாகும்.

பெரியாரின் பகுத்தறிவுக் கொள்கையில் ஈடுபாடு உடையவராகிய கலைவாணர், காந்தியடிகளிடத்தும் பேரன்பு கொண்டிருந்தார். காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் நினைவுத்தூண் ஒன்றை எழுப்பினார். அவருடைய வரலாற்றை வில்லுப்பாட்டாகவும் பாடிப் பரப்பினார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இளங்கவிஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து ஆதரித்தவரும் கலைவாணரே. அவ்விளைஞர் பிற்காலத்தில் வில்லுப்பாட்டுக் கலையை நாடெங்கும் பரப்பி, 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு பெற்றார்.

‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களைக் கலைவாணர் இயக்கவும் செய்தார். 1951-ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டிற்கும் சென்று வந்தார். 1956-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்தில், சிரிப்பின் வகைகளைப் பாட்டாலும் முகத்தோற்றத்தாலும் அவர் விளக்கிக் காட்டினார். மகிழ்ச்சியால் எழும் சிரிப்பு, போலிச் சிரிப்பு, ஆணவச் சிரிப்பு என அவர் ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டியது, வாழ்நாள் முழுவதும் சிரிப்பை ஆராய்ந்தவர் எழுதிய உரை போன்றதாகும்.

கொடையும் மறைவும்

கலைவாணர் ஈட்டிய பொருள் அவரிடம் தங்கவில்லை. நலிந்த கலைஞர்க்கும், கல்வி வேண்டி வந்தவர்க்கும், துன்புற்று வாயிலில் நின்றவர்க்கும் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுத்ததற்குக் கணக்கு வைக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை. செல்வம் சுருங்கிய காலத்தும் கொடை சுருங்கவில்லை.

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், அவர் பிறந்த நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. அதனைக் கண்டு களித்த கலைவாணர் அடுத்த ஆண்டே நோயுற்றார். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், ஐம்பது வயது நிரம்பும் முன்னரே, சென்னையில் மறைந்தார்.

முதலமைச்சராயிருந்த அறிஞர் அண்ணா, 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தியாகராய நகரில் கலைவாணரின் சிலையைத் திறந்து வைத்தார். சில நாளில் அண்ணாவும் மறைந்தமையால், அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுவிழாக்களுள் ஒன்றாக அது அமைந்தது. சென்னை வாலாசா சாலையில் உள்ள அரசு மண்டபம் கலைவாணர் அரங்கம் என்னும் பெயரால் அவரை நினைவூட்டுகின்றது.

சிலையும் அரங்கமும் காண்பவர்க்கே நினைவைத் தரும். ஆனால், வகுப்பிலோ வீதியிலோ ஒருவன் தடுக்கி விழும்போது, சிரிக்க எழும் வாயை அடக்கிக்கொண்டு கைகொடுத்துத் தூக்குபவனும், வலியவன் செருக்கைக் கண்டபோது அஞ்சாமல் நகைப்பவனும், கலைவாணர் கற்பித்த பாடத்தை அறிந்தவர் ஆவர்.