இத்தாலி தேசத்து டி காஸ்பெரி

போரிலே வென்றோரின் சரிதங்களை நாம் விரும்பிக் கற்கின்றோம். தோல்வியுற்ற நாடொன்றைக் கையேற்று அதனை நிமிர்த்தியோரின் சரிதங்களை அத்துணை விருப்புடன் கற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிதைந்து கிடந்த இத்தாலிக்குத் தலைமை பூண்டு, 1945 முதல் 1953 வரை அடுத்தடுத்து எட்டு மந்திரி சபைகளை அமைத்த அல்சீடே டி காஸ்பெரி என்பார் அத்தகையோருள் ஒருவர். அவர் வரலாற்றிலே நாம் சிறப்பாக நோக்கத் தக்கது ஒன்றுண்டு. தனியே ஆளுதற்குப் போதிய பலம் கிட்டிய காலத்தும் அவர் தனியே ஆள விரும்பினாரல்லர். அஃது ஏன் என்பதையும், அக்கொள்கை அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

டி காஸ்பெரி 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள பியேவே தெசினோ என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவர் பிறந்த திரெந்தினோ நாட்டு மக்கள் பேசியது இத்தாலிய மொழி; அவர்களை ஆண்டதோ ஆஸ்திரியப் பேரரசு. எளிய குடும்பத்தினராகிய அவர் வியன்னா சர்வகலாசாலையிலே கற்று 1905-இல் பட்டம் பெற்றார். தம் மொழியினர்க்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று மாணவர் செய்த கிளர்ச்சியிற் கலந்து, கற்கும் காலத்திலேயே சிலநாள் சிறையும் கண்டார். பின்னர்ப் பத்திரிகாசிரியராகி, 1911-இல் வியன்னா பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். சிறுபான்மையோனாக ஒரு பெருஞ்சபையில் அமர்ந்திருப்பது எத்தன்மைத்து என்பதை அவர் அங்கே கற்றார். இப்பாடத்தை அவர் இறுதிவரை மறந்தாரல்லர்.

முதல் உலகப் போரின் பின் திரெந்தினோ இத்தாலியோடு சேர்ந்தது. கத்தோலிக்கக் குருவாகிய லூயிஜி ஸ்தூர்சோ 1919-இல் நிறுவிய இத்தாலிய மக்கட் கட்சியிலே சேர்ந்த டி காஸ்பெரி, 1921-இல் ரோமாபுரிச் சபையில் அங்கத்தினரானார். அடுத்த ஆண்டிலே முசோலினி அதிகாரத்துக்கு வந்தான். அவனது முதல் மந்திரி சபையில் மக்கட் கட்சியினர் சிலர் இடம்பெற்றனர். டி காஸ்பெரியும் அதற்கு உடன்பட்டார். அதிகாரத்தின் பொறுப்பு அம்மனிதனை அடக்கிவிடும் என அக்காலத்திற் பலரும் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது. 1923-இல் இயற்றப்பட்டதொரு சட்டம், நூற்றுக்கு 25 வாக்குப் பெற்று முதலிடத்தில் நிற்கும் கட்சிக்குச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்தானங்களை அளித்தது. அதன் துணைகொண்டு பாசிசக் கட்சி சபையைக் கைக்கொண்டது. 1926-இல் எதிர்க்கட்சிகள் யாவும் கலைக்கப்பட்டன.

ஸ்தூர்சோ நாடுகடந்து வாழ, கட்சியின் தலைமையை ஏற்றிருந்த டி காஸ்பெரி 1927-இல் கைது செய்யப்பட்டார். ஓராண்டுக்கு மேல் காவலிலிருந்து வெளிவந்தவர்க்கு வேலை கொடுப்பார் எவருமிலர். மனைவியும் சிறு பெண்மக்களும் வறுமையில் வாடினர். 1929-இல் வத்திக்கான் நூல்நிலையத்திலே நூற்பட்டியல் எழுதும் சிற்றூழியம் ஒன்று கிட்டியது. சபையிலே கட்சித் தலைவராய் வீற்றிருந்தவர் பதினான்காண்டுகள் புத்தக அலமாரிகளுக்கிடையே கழித்தார். மாலைப் பொழுதுகளில் ஜெர்மன் நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பத்தைக் காத்தார். அறுபது வயதை எட்டுமுன் தம் பொதுவாழ்வு முடிந்ததென்றே அவர் எண்ணியிருத்தல் கூடும்.

1943-இல் முசோலினி வீழ்ந்தான். டி காஸ்பெரியும் அவர் நண்பரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்னும் புதுக் கட்சியை அமைத்தனர். 1945-ஆம் ஆண்டு டிசம்பரிலே அவர் பிரதம மந்திரியானார். அவரது மந்திரி சபையிலே பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தோலியாத்தியும், சோஷலிஸ்டுத் தலைவர் நென்னியும் ஒருங்கே அமர்ந்தனர். கொள்கையால் வடதுருவமும் தென்துருவமும் போன்றவர்கள். எனினும் பாசிசத்தை எதிர்த்த போரிலே தோளோடு தோள் நின்றவர்கள்.

1946-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் இத்தாலிய மக்கள் இரண்டு வினாக்களுக்கு விடையிறுத்தனர். முடியரசோ குடியரசோ என்பது ஒன்று. அரசியல் நிர்ணய சபைக்கு யாரை அனுப்புவது என்பது மற்றொன்று. தேசத் தேர்தலொன்றிலே பெண்கள் வாக்களித்தது அதுவே முதன்முறை. குடியரசுக்கு ஏறத்தாழ 127 லட்சம் வாக்குகளும், முடியரசுக்கு 107 லட்சம் வாக்குகளும் கிடைத்தன. 556 ஸ்தானங்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 207, சோஷலிஸ்டுகள் 115, பொதுவுடைமையர் 104 பெற்றனர். எக்கட்சியும் தனித்து ஆளுதல் இயலாதாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பாரிஸ் சமாதான மகாநாட்டிலே தோற்ற நாட்டின் பிரதிநிதியாக டி காஸ்பெரி பேசினார். சபையோர் குளிர்ந்த மௌனத்துடன் கேட்டிருந்தனர். பேசி மீள்கையில் அவருக்குக் கை கொடுத்தவர் அமெரிக்க மந்திரி பர்ன்ஸ் ஒருவரே என்பர். அடுத்த மாதமே ஆஸ்திரிய மந்திரி குரூபருடன் அவர் ஓர் உடன்படிக்கை செய்து, இத்தாலிக்குள் வாழும் ஜெர்மன் மொழியினர்க்குத் தன்னாட்சியும் மொழியுரிமையும் அளிக்க இசைந்தார். அந்நிய அரசின்கீழ்ச் சிறுபான்மையோராய் வாழ்ந்த ஒருவர், தம் ஆட்சியின்கீழ் வந்த சிறுபான்மையோர்க்குச் செய்தது இது. இவ்வுடன்படிக்கை நிறைவேறுதற்குப் பின்னர்ப் பல்லாண்டுகள் சென்றன எனினும், அதன் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

1947-இல் உலகம் இரு முகாங்களாகப் பிளந்தது. சோஷலிஸ்டுக் கட்சியும் பிளந்து, சரகத் என்பார் தலைமையில் ஒரு பிரிவு வெளியேறிற்று. விலைவாசி ஏறிற்று, மந்திரி சபைக்குள் ஒருமை குன்றிற்று. மே மாதம் டி காஸ்பெரி இராஜிநாமாச் செய்து, பொதுவுடைமையரும் நென்னியின் கட்சியினரும் இல்லாததொரு மந்திரி சபையை அமைத்தார். இது நாட்டின் கூட்டுறவை முறித்த செயல் என்பாரும், நாட்டைக் காத்த செயல் என்பாரும் இன்றளவும் உளர். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மந்திரி சபையிலிருந்து நீங்கிய கட்சியார் அரசியல் நிர்ணய சபையிலிருந்து நீங்கினாரல்லர். வீதியிலே பகைத்தவர்கள் சபைக்குள் ஒன்றுகூடிச் சட்டம் சமைத்தனர். டிசம்பர் 22-ஆம் நாள் 453 பேர் ஆதரிக்க, 62 பேர் எதிர்க்க அரசியற் சட்டம் நிறைவேறியது. அதன் அடியிலே தேசத் தலைவர் தெ நிக்கோலாவின் கையொப்பத்தோடு, பிரதம மந்திரி டி காஸ்பெரியும், பொதுவுடைமைக் கட்சியினராகிய சபைத் தலைவர் தெர்ராச்சீனியும் கையொப்பமிட்டனர்.

அடுத்து வந்தது 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தல். பொதுவுடைமையரும் நென்னியின் சோஷலிஸ்டுகளும் ஒரே முன்னணியாகத் திரண்டு, கரிபால்டியின் உருவத்தைச் சின்னமாகக் கொண்டனர். எதிர்ப்புறத்திலே திருச்சபையின் சங்கங்கள் ஊர்தோறும் உழைத்தன. அமெரிக்காவிற் குடியேறியிருந்த இத்தாலியர் தம் உறவினர்க்குக் கடிதங்களை அனுப்பிக் குவித்தனர். அமெரிக்கப் பணம் ஒருபக்கமும் சோவியத் பணம் மறுபக்கமும் இரகசியமாகப் பாய்ந்ததைப் பிற்காலத்து ஆவணங்கள் காட்டுகின்றன. பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவிலே நிகழ்ந்த ஆட்சிக் கவர்ச்சி மக்கள் மனத்தில் அச்சத்தை எழுப்பியிருந்தது. நூற்றுக்கு 92 பேர் வாக்களித்தனர். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி நூற்றுக்கு 48.5 வாக்குகளையும், 574 ஸ்தானங்களில் 305-ஐயும் பெற்றது. முன்னணிக்கு 183 ஸ்தானங்களே கிடைத்தன.

இங்கேதான் டி காஸ்பெரியின் தன்மை விளங்குகின்றது. சபையிலே தனிப்பெரும்பான்மை, பிற கட்சிகளின் தயவு வேண்டுவதில்லை. கட்சிக்குள்ளிருந்தோரிற் சிலர் இனித் தனியே ஆளலாம் என விரும்பினர். அவரோ லிபரல் கட்சியாரையும், குடியரசுக் கட்சியாரையும், சரகத்தின் சோஷலிஸ்டுகளையும் அழைத்து மந்திரி பதவிகளைப் பங்கிட்டார். கத்தோலிக்கர் மட்டும் ஆளும் அரசு நாட்டை மதத்தால் இருகூறாக்கும் என்பதும், அச்சத்தினால் வந்த வாக்கு அன்பினால் நிலைபெறாது என்பதும் அவர் உணர்ந்தவை. ஜூலை 14-ஆம் நாள் தோலியாத்தி சுடப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தபோது நாடெங்கும் வேலை நிறுத்தமும் கலகமும் மூண்டன. அவை உள்நாட்டுப் போராக முற்றாமல் தணிந்தன.

1950-இல் நிலச் சீர்திருத்தச் சட்டங்களும், வறிய தென்னாட்டின் பொருட்டு ஒரு நிதியமும் ஏற்பட்டன. 1951-இல் பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளோடு நிலக்கரி, எஃகுச் சமூகத்திலே இத்தாலியும் சேர்ந்தது. 1952-இல் ரோமாநகர சபைத் தேர்தலுக்குப் பழைய பாசிசச் சார்பினருடனும் கூட்டுச் சேருமாறு வத்திக்கானிலிருந்து வற்புறுத்தல் எழுந்தது. டி காஸ்பெரி உடன்பட்டாரல்லர். அவ்வாண்டு அவரது மணநாள் முப்பதாண்டு நிறைவுற்றபோது பாப்பரசரைத் தரிசிக்க விண்ணப்பித்தார்; அனுமதி மறுக்கப்பட்டது. பக்தியிலே தளராத ஒருவர்க்கு இதனினும் பெரிய துயரம் எது? ஆயினும் நாட்டின் கடமையில் அவர் பின்வாங்கவுமில்லை. திருச்சபையின்மீது பகை கொள்ளவுமில்லை.

அவர் வீழ்ச்சிக்குக் காரணமாயிருந்தது அவரே இயற்றிய சட்டம். கூட்டணி நிலைபெறும் பொருட்டு, பாதிக்கு மேல் வாக்குப் பெறும் கூட்டணிக்கு நூற்றுக்கு 65 ஸ்தானங்களை அளிக்கும் சட்டமொன்றை 1953-இல் நிறைவேற்றினார். பாசிசர் காலத்துச் சட்டத்தினின்றும் இது வேறுபட்டதே; பாதிக்கு மேற்பட்ட வாக்கை இது வேண்டி நின்றது. எனினும் எதிரிகள் இதனை மோசடிச் சட்டமென்றனர். மக்களிற் பலர்க்கும் பழைய நினைவு எழுந்தது. ஜூன் 7-ஆம் நாள் கூட்டணி பெற்றது நூற்றுக்கு 49.8. குறைந்தவை ஏறத்தாழ 54,000 வாக்குகள். ஜூலை 28-ஆம் நாள் சபை அவரது எட்டாம் மந்திரி சபைக்கு நம்பிக்கை மறுத்தது. பங்கிட்டு ஆளுதலாற் பெயர்பெற்றவர், பங்கின் அளவைச் சட்டத்தால் உயர்த்த முயன்றபோது தவறினார். அவர் அத்தீர்ப்பை எதிர்த்து நிற்காது பதவியை விட்டகன்றார். அடுத்த ஆண்டிலே அச்சட்டம் நீக்கப்பட்டது.

1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், தாம் பிறந்த மலைநாட்டுச் செல்லா பள்ளத்தாக்கிலே டி காஸ்பெரி உயிர்நீத்தார். ரோமாபுரியிலே புனித லாரன்சு பேராலயத்தில் அவர் உடல் அடங்கியுள்ளது.

மாணவ நண்பர்காள்! நம் சங்கங்களிலும் தேர்தல்கள் நிகழ்கின்றன. வென்றோரும் தோற்றோரும் மறுநாள் ஒரே வகுப்பில் அமர்கின்றோம். வாக்கெண்ணும் நாள் ஒன்றே. உடனுறையும் நாட்களோ பல. அவ்வுண்மையை அறிந்து வெற்றியிலே பங்கிட்டவரும், அறிந்தும் ஒருகால் வழுவியவரும் டி காஸ்பெரியே. அவ்விரண்டினையும் ஒருங்கே வைத்துக் கற்றலே நமக்குப் பயன் தருவதாம்.