டேனிஷ் கம்பெனிக்குப் பிடிக்காத பாதிரியார்: தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு என்ன நடந்தது?

பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் பெயர் சீகன்பால்கு. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர், அவ்வளவுதான். அவரைச் சிறையில் போட்டது யார் தெரியுமா? அவரை அனுப்பிவைத்த அதே டென்மார்க் நாட்டுக் கம்பெனி.

காரணம் புரிய, முதலில் ஊரைப் பார்க்கணும். 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகைக்கு டேனிஷ் கம்பெனி வாங்கிய மீனவக் கிராமம் தரங்கம்பாடி. மிளகும் துணியும் இங்கிருந்து ஐரோப்பா போயின. துறைமுகம்னதும் பெரிய கட்டுமானத்தை நினைக்க வேண்டாம். கப்பல் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். அலையறிந்த படகோட்டிகள் இல்லாட்டி கம்பெனிக்கு வியாபாரமே இல்லை.

1706 ஜூலை 9-ல் இங்கே வந்து சேர்ந்தார் ஜெர்மன்காரரான பார்த்தலோமேயு சீகன்பால்கு. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். கம்பெனிக்கோ எரிச்சல். மதம் மாற்றுகிறேன்னு இவர் கிளம்பினால் உள்ளூர் வணிகர்கள் முகம் திருப்புவார்களே என்ற பயம். இவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் பேச்சுத் தமிழுக்குத் துணை. 1707 மே மாதம் இவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பிய எஜமானர்களின் அடிமைகள். எஜமானர்கள் இதை ரசித்திருக்க மாட்டார்கள்!

மோதல் வெடித்தது ஒரு கடன் விவகாரத்தில். இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்கும் கம்பெனி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே வழக்கு. சீகன்பால்கு அந்தப் பெண் பக்கம் நின்றார். கவர்னர் ஹாசியஸுக்கு அது கலகமாகப் பட்டது. 1708 நவம்பரில் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் அடைத்தார். வெளியே வர நாலு மாசம் ஆச்சு.

கடலும் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி, படகு கவிழ்ந்து கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கியது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் ஏற்றி வந்த கப்பல் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் எப்படியோ 1712-ல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றன. அதனால் சீஸ் டப்பா ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது.

இதற்கிடையே தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி 1713-ல் ஹாலே நகருக்கு அனுப்பினார். பிற சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதான்னு அங்கே தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஆய்வாளர்கள் தேடிப் படிப்பது அதைத்தான்.

1719 பிப்ரவரி 23-ல், 40 வயதைத் தொடும் முன்பே, தரங்கம்பாடியிலேயே இறந்தார். முந்தைய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் தங்கள் இந்தியக் குடியேற்றங்களை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஹாலேயில் ஓரங்கட்டிய அந்த நூல் சென்னையில் அச்சேறியது 1867-ல். அப்போது தரங்கம்பாடி துறைமுகத்தின் வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டிருந்தது.