வைரத்தோடு வேண்டாம், புத்தகம் வேணும்

ஆடி மாசம் பல்லடம், உடுமலைப் பக்கம் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் காத்தாலை சுத்திக்கிட்டே இருக்கும். அது பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. நம்ம ஊர் பனியன் கம்பெனிக்காரங்க பல பேர் அங்க காத்தாலை வச்சிருக்காங்க. சில கம்பெனி மொட்டை மாடியில சோலார் தகடும் இருக்கு. ஆனா எந்த ஊர்ல எவ்வளவு காத்து, எவ்வளவு வெயில்னு கணக்கு தெரியாம யாராவது பணம் போடுவாங்களா? அந்தக் கணக்கை நம்ம நாட்டுக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. பெயர் அன்னா மாணி.

இவர் 1918 ஆகஸ்ட் 23-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பீர்மேடு என்ற மலை ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர். ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. வசதியான வீடுதான். ஆனா பையன்களுக்குப் படிப்பு, பெண்களுக்குக் கல்யாணம் என்றுதான் அங்கே நினைப்பு. எட்டாவது பிறந்த நாளுக்குப் பெண் பிள்ளைக்கு வைரத்தோடு போடுவது அவங்க வீட்டு வழக்கம். இவரோ தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேணும் என்று கேட்டுவிட்டார். அது தடித்தடியா பல பாகம் உள்ள புத்தகம். (எட்டு வயசில் நான் அழுது கேட்டது கொலுசு!)

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1939-ல் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தார். 1940-ல் உதவித்தொகை கிடைத்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அங்கே சர் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடம். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? வைரம்! முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களில் ஒளி எப்படி மாறுகிறது என்று ஆராய வேண்டும். ஒரு போட்டோ பிளேட்டில் பதிய 15, 20 மணி நேரம் ஆகும். ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே தூங்குவாராம். காதில் போட மாட்டேன்னு சொன்ன வைரத்தை இப்படிப் பார்த்தார்.

ஐந்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1945-ல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டை சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லி பட்டம் தர மறுத்துவிட்டார்கள். படிக்கும்போதே எனக்குக் கோபமா வந்தது. அவர் அதைப் பெரிசா எடுத்துக்கவே இல்லை. அதே வருஷம் கப்பலேறி லண்டன் போனார். இயற்பியல் ஆராய்ச்சிக்குத்தான் போனார், ஆனா கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. சரி என்று அதைக் கத்துக்கிட்டார்.

1948-ல் திரும்பி வந்து புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போ மழை, காத்து அளக்கிற கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்துதான் வரும். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயார் செய்து இங்கேயே செய்ய வைத்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தது நூத்துக்கும் மேற்பட்ட ஆண்கள்.

வெயிலை எப்படி அளப்பாங்க? கொடியில் காயும் கருப்பு பனியனையும் வெள்ளை பனியனையும் தொட்டுப் பாருங்க. கருப்புதான் அதிகமா சுடும். அதே மாதிரி கருவியில் கருப்பு பூசின ஒரு பரப்பு இருக்கும். காத்து அடித்து ஆறிவிடாமல் இருக்க மேலே கண்ணாடிக் குமிழ். வெயிலில் அந்தப் பரப்பு சூடாகும்போது, சூடான பக்கத்துக்கும் சூடாகாத பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் துளி மின்சாரம் உண்டாகும். அதை அளந்தால் வெயில் எவ்வளவு என்று தெரியும். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் இப்படி அளக்கும் நிலையங்களை நாட்டின் பல ஊர்களில் அமைத்தார். கருவி தப்பாகக் காட்டினால் அளக்காமலே இருக்கலாம் என்ற கண்டிப்பு அவருக்கு.

1963-ல் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வு நிலையமும் அமைத்துக் கொடுத்தார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வுன்னு பேர்தான். இந்தியாவில் விழும் வெயில் பற்றி 1980-லும் 1981-லும் ரெண்டு பெரிய புத்தகம், 1983-ல் காத்து பற்றி ஒன்று. சோலார் சாதனம் செய்பவர்களுக்கும் காத்தாலை போடுபவர்களுக்கும் வேண்டிய அட்டவணைகள் அதில் இருந்தன. பெங்களூரில் காத்து வேகமும் வெயிலும் அளக்கும் கருவி செய்ய ஒரு சின்ன கம்பெனியும் வைத்தார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 16-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்தால் 83 வயசு. பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் வாங்கினவங்களோட ஆய்வேடுகள் பக்கத்திலேயே இருக்கிறது.